லுஸ்வெட்டி போட்டுக்கொண்டு போன கோட்டு

சுவேலே,
மழை இறங்கிய வாரம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் குலோபாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் இருமல் மட்டும் அவரைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. நீயும் அந்த வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு, கால் வீங்காமல் நின்று, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி இல்லையென்றாலும் நீ சொல்லமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அறையில் படுத்திருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள், இந்தப் பக்கம் அப்பா நடுவில் நடுவில் புகுந்து மாடு கன்று போட்டதைச் சொல்கிறார், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டு ஃபானிஸின் மருமகன் ஞாயிற்றுக்கிழமை தோஹாவுக்கு விமானம் ஏறுகிறான், அவன் பெட்டியில் வறுத்த நிலக்கடலைப் பொட்டலத்தோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். கடலையை உடனே தின்று தீர்த்துவிடாதே, கடிதத்தை முதலில் படி.

போன ஞாயிறு நீ கேட்டாய், லுஸ்வெட்டியின் இடம் காலியாகிவிட்டதே, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு நேர்காணலுக்கு வரட்டுமா, ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தை சொல் அம்மா என்று. எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். நடுவில் முறித்துக்கொண்டு வந்தால் அந்தக் கம்பெனி மறுபடி உன்னைச் சேர்க்காது என்பதும், வராமல் இருந்து அந்த இடம் வேறு ஒருவனுக்குப் போனால் ஆயுள் முழுக்க நீ அதையே நினைத்துக்கொண்டு கடை வாசலில் காவல் நிற்பாய் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே நடந்தது கொஞ்ச நஞ்சமல்ல, அதை வேறு யாராவது கண் காது மூக்கு வைத்து உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் பாதி என் வாயால் வந்தது.

உனக்கு அண்ணன் முறையான லுஸ்வெட்டி படுத்தது நீ போன பிறகுதான். வயிற்றில் கட்டி என்றார்கள். நம் பள்ளிக்கூடத்தில் சுவாஹிலியும் வரலாறும் எடுக்கிற நிரந்தர வாத்தியார் படுத்துவிட்டார் என்ற செய்தி மலைப்பக்கம் வரை பரவ ஒரு சந்தை நாள் போதுமானதாக இருந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே. அந்த இரண்டு பாடத்தையும் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறவர்கள் இந்த நாட்டில் அறுவடைக் களத்துச் சோளம் மாதிரி குவிந்து கிடக்கிறார்கள் என்று நீயே சொல்வாய், அவர்கள் எல்லோருக்கும் திடீரென்று லுஸ்வெட்டி மேல் பாசம் வந்துவிட்டது. ஒருவன் கோழியோடு வந்தான், ஒருத்தி வாழைக்குலையோடு வந்தாள், முகம் தெரியாதவர்கள் எல்லாம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினார்கள். நான் கஞ்சி கொண்டுபோன ஒரு நாள் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "சின்னம்மா, என் கல்யாணத்துக்குக்கூட இத்தன கோழி வரல. எல்லாரும் ஜெபம் பண்றாங்க, கண்ண மூடிக்கிட்டு என் மூச்சக் கேக்குறாங்க" என்றான். அப்படிச் சொல்லிவிட்டு, நம்ம குலோபா இங்க இருந்தா அவனும் கோழியோட வந்திருப்பானா என்று கேட்டான். அவன் வந்தா வெறுங்கையோடதான் வருவான், எங்கள்ட்ட ஏது கோழி என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நாலு வருஷம் நீ அவனுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, நிர்வாகக் குழு கொடுக்கும் அரைச் சம்பளத்துக்கும் அது இல்லாத மாதம் ஒரு மூட்டை சோளத்துக்கும் பாடம் எடுத்ததை அவன் மறக்கவில்லை.

அவன் போன பிறகு, அடக்கத்துக்கு முந்தின நாள் நடந்ததை இப்போது சொல்கிறேன், கோபப்படாமல் படி. பிணவறையிலிருந்து உடம்பை எடுக்க வேன் ஏற்பாடாகிவிட்டது, எல்டோரெட்டில் இருக்கும் அவன் தம்பி ப்ரோட்டஸ் புதுக் கோட்டும் கால்சட்டையும் வாங்கி வருகிறேன் என்று சொன்னவன் பேருந்து பழுதாகி வழியில் நின்றுவிட்டான். லுஸ்வெட்டியின் பழைய கோட்டு இரண்டு லுஸ்வெட்டி புகும் அளவுக்குப் பெரிதாகியிருந்தது, அவ்வளவு வற்றிப்போயிருந்தான். நான் பள்ளிச் சமையல்கட்டில் சோளமும் பீன்ஸும் வேகவைத்துக்கொண்டிருக்கிறேன், கொன்சொலாட்டா தலையில் துணிகூட இல்லாமல் ஓடி வந்து வாசலில் நின்றாள். "அத்தை, உங்க மகன் கோட்டு வீட்டுலதானே இருக்கு? என் புருஷன் வாத்தியாரா இருந்தவர் அத்தை, அவரப் போர்வையில சுத்தி ஊருக்குக் காட்டச் சொல்றீங்களா?" என்றாள். கட்டியவனை இழந்து நிற்கிறவளிடம் என்ன சொல்வது? வீட்டுக்குப் போய் எடுத்துக்கொடுத்தேன்.

ஆமாம், அந்த நீலக் கோட்டுதான். சந்தையில் வெள்ளைக்காரர்கள் உடுத்திக் கழித்த துணி மூட்டையைப் பிரிக்கும்போது நான் முதல் ஆளாகப் பாய்ந்து எடுத்தது, தையற்காரனிடம் கொடுத்து உன் தோளுக்குக் குறுக்கியது, நீ ஒவ்வொரு நேர்காணலுக்கும் போட்டுக்கொண்டு போய் வந்ததும் வராததுமாகக் கழற்றி ஆணியில் மாட்டுவாயே அந்தக் கோட்டு. பூச்சி அரிக்காமல் இருக்க மடிப்பில் சோப்பு வைத்திருந்தேன், அதை எடுத்துப் போட்டேன். பையில் ஒரு துண்டு சாக்பீஸ் கிடந்தது, மாதிரிப் பாடம் நடத்தச் சொல்வார்கள் என்று நீ எப்போதும் கொண்டுபோவது. அதை எடுக்க மனம் வரவில்லை. கொன்சொலாட்டா பிணவறைக்குள் வரவே பயந்தாள், அதனால் பிணவறை ஆளோடு சேர்ந்து நான்தான் அவனுக்குப் போட்டுவிட்டேன், பொத்தானும் நான்தான் மாட்டினேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அடக்கம் நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. பேச வந்தவர்கள் எல்லோரும் லுஸ்வெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தையும் தங்கள் படிப்பைப் பற்றிப் பத்து வார்த்தையும் பேசினார்கள், தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்த கூடாரத்தைச் சுற்றி உறை உறையாகச் சான்றிதழ் வைத்துக்கொண்டு நின்றவர்களை நிழலுக்கு ஒதுங்கினவர்கள் என்று யாரும் நினைக்க முடியாது. ஒருவன் அவருக்கு நாற்காலி துடைக்கிறான், ஒருவன் சோடா திறக்கிறான். அதில் நரைத்த தலைகளும் இருந்தன குலோபா. சொந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில் இருக்கிறவன் இன்னொருவனுக்குச் சோடா திறந்து கொடுப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அடக்கத்துக்கு மூன்றாம் நாள் நம் வழக்கப்படி தலை மழிக்கக் கூடினோம். குலத்துப் பெரியவர் மசிண்டேதான் நடுவில் உட்கார்ந்தார். மாடு இன்னாருக்கு, மிதிவண்டி இன்னாருக்கு, கரும்புக் கொல்லை பிள்ளைகளுக்கு என்று பிரித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உயிரோடு இருக்கிறவன் துணி செத்தவனோடு மண்ணுக்குள் போனால் மாற்று வாங்காமல் விடக் கூடாது என்பது உனக்குத் தெரியும். விட்டால் மண் துணிக்காரனையும் தேடும் என்பார்கள். நான் சபைக்குப் போகிறவள், மண்ணுக்குக் கால் முளைத்துக் கட்டார் வரை நடந்துவிடுமா என்று வீட்டில் அப்பாவிடம் சிரித்தேன், ஆனாலும் ஒரு கோழி கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று முடிவு பண்ணித்தான் போயிருந்தேன். துணிக்காரன் வீட்டார் வாய்விட்டுக் கேட்டதைச் செத்தவன் வீட்டார் இல்லை என்று சொல்லக் கூடாது, அதனால் யாரும் பெரிதாகக் கேட்பதும் இல்லை.

எழுந்து நின்றேன். எதிரே தலைமையாசிரியர் கறித்தட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ப்ரோட்டஸின் மைத்துனன் ஒருவன் குனிந்து அவர் காதில் என்னவோ சொல்கிறான், அவனும் சுவாஹிலி படித்தவன்தானாம், அவர் தலையை ஆட்டுகிறார். ஒன்பது வருஷம் நீ அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் போய் வந்தது எல்லாம் எனக்கு அப்போது ஒன்று விடாமல் ஞாபகம் வந்தது. மசிண்டே, கோட்டுக்கு மாத்தா என்ன கேக்குற நெலிமா என்றார். கோழி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கோட்டு எதுக்கு வாங்கினதோ அதக் குடுங்க. லுஸ்வெட்டியோட நாற்காலியக் குடுங்க" என்று வந்துவிட்டது.  யாரோ ஒரு பெண்பிள்ளை மட்டும் சிரித்தாள்.

மசிண்டே சிரிக்கவில்லை. மழித்த தலையைத் தடவிக்கொண்டார். அப்புறம் சொன்னார், "கேட்டது கேட்டாச்சு, இல்லேன்னு சொல்ல எங்களுக்கு வாய் கெடையாது. ஆனா செத்தவன் நாற்காலி தனியா வராது. அவன் வீடு, அவன் பொண்டாட்டி, நாலு புள்ள, எல்லாம் அந்தக் காலுலதான் கட்டிக் கெடக்கு. உன் மகன் இந்தக் குலத்துப் புள்ள, இன்னும் பொண்ணு கட்டல. நாற்காலியும் குடுத்தாச்சு, வீடும் குடுத்தாச்சு." கூட்டம் உம் கொட்டியது. அந்த இடத்தில் தலைமையாசிரியர் எழுந்து, ஐயா, அரசாங்க வேலை மாடு இல்லை, பிரித்துக்கொடுக்க முடியாது, அது நைரோபியில் தீர்மானமாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவருக்குத் தெரியாததா? வாயில் கறி இருந்தது. விழுங்கிவிட்டு, பெரியவங்க வார்த்தைக்கு நான் என்ன மறுப்பு சொல்லப் போறேன் என்றார். எனக்கும் தெரியும் குலோபா, அந்த வேலை அவர்கள் கொடுக்கிற பொருள் இல்லை என்று. பள்ளிக்கூடத்துச் சாம்பலை அள்ளுகிறவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் அவர் அப்படிச் சொன்னபோது ஒரு கணம், ஒரே ஒரு கணம், கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

வெளியே வரும்போது டிக்சன் வழியை மறித்தான், உன்னோடு கல்லூரியில் படித்த ஒல்லி டிக்சன், இப்போது மோட்டார் பைக்கில் ஆள் ஏற்றுகிறான். "அம்மா, நானும் ஒம்போது வருஷமா காத்துக்கிட்டுதான் இருக்கேன். எங்கம்மா யாரு செத்தா கோட்டு குடுக்கணும், அதையும் சொல்லிட்டுப் போங்க" என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது. அதற்கப்புறம் கிணற்றடியிலும் சந்தையிலும் என் காதுபடவே பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி சொன்னாள், கஞ்சி கொண்டுபோனாளே அதுல என்ன இருந்துச்சோ என்று. நான் அளவெடுத்துத்தான் கோட்டு கொடுத்தேனாம். பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற கையைப் பற்றி அப்படிச் சொன்னது இன்னும் எரிகிறது. அப்பாவிடம் வந்து அழுதேன். அவர் வழக்கம்போல, "நீ கேட்டது நாற்காலி, கெடச்சது நாலு வயிறு, உன் சாமர்த்தியம் யாருக்கு வரும்" என்று சொல்லிவிட்டு இருமினார். அவருக்கும் வருத்தம்தான், அவர் வருத்தப்படுகிற விதம் அது.

கொன்சொலாட்டாவிடம் போய் நின்றேன். களை கொத்திக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. கொத்திக்கொண்டே, "அத்தை, உங்க மகன நான் என்ன பண்றது? என் கல்யாணத்துல அரைக்கால் சட்டையோட தட்டு தூக்கிக்கிட்டு ஓடின பய. எனக்குப் புருஷனும் வேணாம், நாற்காலியும் வேணாம். அவரு சம்பளம் நின்னுபோச்சு, சேர வேண்டியது எப்ப வரும்னு யாருக்கும் தெரியல, சாயங்காலம் இந்தப் புள்ளைங்க வயித்துக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் எனக்குக் கவலை" என்றாள். அன்றிலிருந்து அவளுடைய இரண்டாவது பெண் மெட்ரின் கடைக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாயங்காலம் வருகிறது. நான் இரண்டு கை மாவு கூடப் போட்டுக் களி கிண்டுகிறேன். இதை உன் தலையில் கட்டவில்லை, பயப்படாதே. மசிண்டே சொன்னார் என்பதற்காக நீ யாருக்கும் அப்பாவாக வேண்டாம். கேட்டவள் நான், கிண்டுவதும் நானே.

இதெல்லாம் நடந்த பிறகுதான் தலைமையாசிரியர் உனக்குப் போன் போட்டு, அடுத்த மாதம் நேர்காணல் இருக்கும், வந்து சேர் என்று சொல்லியிருக்கிறார். ஏன் சொன்னார் என்று கேட்காதே. டிக்சனிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார், அந்த மைத்துனனிடமும். நீ என்னிடம் கேட்டது ஞாயிறு. செவ்வாய்க்கிழமை மழையில் ஒரு மோட்டார் பைக் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. பின்னால் ஒரு பெண், அவள் மடியில் சுருட்டிய மெத்தை, மெத்தைக்கு மேல் பிளாஸ்டிக் வாளி. நேர்காணலும் இல்லை ஒன்றும் இல்லை, போன தடவை நேர்காணலில் தேறி வரிசையில் காத்திருந்தவர்களிலிருந்து ஒருவரை நைரோபியிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். பெயர் ப்ரிசில்லா, கிழக்கே கிட்டுயி பக்கம். நம் பேச்சு அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது, நம் மழையைப் பார்த்தே மிரண்டுபோய் நின்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அவளுக்கு அண்டாவின் அடியில் தீய்ந்ததைச் சுரண்டிப் போட வேண்டும் என்றுதான் கரண்டியை எடுத்தேன். தட்டை நீட்டினாள், அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். சின்னப் பெண் என்று நினைத்திருந்தேன், நாற்பதைத் தாண்டியவள் குலோபா. முன்பல் ஒன்று இல்லை. சமையல்கட்டில் என் பக்கத்தில் விறகுக்கட்டை மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், சுவாஹிலியில் பேசிக்கொண்டோம். படித்து முடித்துப் பதினெட்டு வருஷமாம். அதற்குள் தையல் வேலை, முட்டை வியாபாரம், யார் யாரோ வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன், எல்லாம் பார்த்தாளாம். இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் வயசு தாண்டிவிட்டது என்று வரிசையிலிருந்து எடுத்திருப்பார்களாம். மூத்த மகன் அவளைவிட உயரமாம், புருஷன் எங்கே என்று நான் கேட்கவில்லை. "வேல வந்துருச்சுன்னு போன் வந்தப்ப எனக்குச் சந்தோஷமே வரல அம்மா. பயமாத்தான் இருந்துச்சு. என்ன சொல்லிக் குடுக்கணும்னே மறந்துபோச்சு" என்றாள். இரண்டாம் தடவையும் போட்டேன், நடுவிலிருந்து நல்ல பீன்ஸாக.

இன்னும் இருக்கிறது. நேற்று மத்தியானம் தலைமையாசிரியர் சமையல்கட்டுக்கே வந்தார், அவர் அங்கே வருவது அரிசி திருடு போனால்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குலோபாவ வரச் சொல்லும்மா, முன்ன மாதிரியே நிர்வாகக் குழு சம்பளத்துல வெச்சுக்கறேன். பள்ளிக்கூடத்துக்குள்ள இருந்தாத்தான் அடுத்த இடம் வரும்போது கை நீட்ட முடியும். நம்ம மகோகா சார் காலப் பாத்தீங்கல்ல? எத்தன நாளைக்குன்னு நெனைக்கிறீங்க?" என்றார். மகோகா சார் வரலாறு எடுக்கிறவர், உனக்கு நோட்டுத் திருத்தக் கற்றுக்கொடுத்தவர், சர்க்கரை வியாதியில் அவர் காலில் ஒரு புண் ஆறாமல் கிடக்கிறது. நான் அண்டாவைக் கிளறினேன். மணி அடித்தது, வாத்தியார்கள் தட்டோடு வந்தார்கள், மகோகா சாரும் விந்தி விந்தி வந்தார். என்ன நெலிமா, இன்னைக்கு உப்புப் போட்டியா என்று எப்போதும் போலக் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கால் கட்டைப் பார்த்தேன். போன வாரத்தைவிட மேலே ஏறியிருந்தது. எதற்குப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். லுஸ்வெட்டியின் மூச்சை எண்ணினவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

நேற்று சாயங்காலம் மசிண்டேயிடம் போனேன். நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டது, நீங்கள் கொடுத்தது செல்லாது, மாற்றை மாற்றிக்கொடுங்கள் என்றேன். பொம்பளையா, அதுவும் வேற ஊர்க்காரியா என்று கேட்டார். அவருக்கும் முகம் விழுந்துவிட்டது, அவர் உண்மையாகவே கொடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் பாவம். என்ன வேணும் சொல்லு என்றார். கோழி என்றேன். கொன்சொலாட்டா ஒரு செம்பட்டைக் கோழியைக் கொடுத்தாள், லுஸ்வெட்டிக்கு வந்த கோழிகளில் ஒன்று, யார் கொண்டுவந்ததோ. வீட்டுக்கு எடுத்து வந்து கட்டிப்போட்டிருக்கிறேன். மண்ணுக்கு உன் மேல் இனி ஒரு பாத்தியமும் இல்லையாம், மசிண்டே சொல்லச் சொன்னார்.

பொத்தான் மாட்டினதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்றேன் அல்லவா. பிணவறையில் கடைசியாக இரண்டாவது பொத்தானை மாட்டினேன், நீல நூல் கிடைக்காமல் நான் கறுப்பு நூலில் தைத்தது. மாட்டிவிட்டுக் காலரைச் சரி பண்ணினேன், தோளில் ஒரு தும்பு இருந்தது, தட்டிவிட்டேன். நீ ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் வாசலில் நிறுத்தி அப்படித்தான் தட்டிவிடுவேன், நீ போதும் விடும்மா என்பாய். அன்றைக்கும் அந்தச் சத்தம் வரும் என்று நின்றேன் குலோபா. அந்தக் கோட்டுக்குள் நான் பார்த்தது லுஸ்வெட்டியை அல்ல. பிணவறை ஆள் கையைப் பிடித்து என்னை வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தான். இதை இதுவரை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. இந்த வேலைக்காக நீ காத்திருந்ததையும் நான் உன்னைக் காத்திருக்க வைத்ததையும் நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். பார்த்துவிட்டும் மூன்றாம் நாள் எழுந்து நின்று நாற்காலி கேட்டேன் என்றால் இந்த ஆசை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்.

அதனால் நீ கேட்ட ஒரு வார்த்தை இதுதான், வராதே. மகோகா சார் காலுக்காக வராதே, தலைமையாசிரியர் வாய்க்காக வராதே, அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று யார் போன் போட்டாலும் வராதே. எனக்கு இது லேசாக வரவில்லை, நீ படித்த படிப்பை மறக்கச் சொல்கிற அம்மாவாக நான் ஆவேன் என்று நினைத்ததே இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் விடுமுறைக்கு வா, வீட்டுக்கு வா, அப்பா இருமுகிறார், அவரைப் பார்க்க வா. அந்தக் கோழி இன்று காலையிலேயே ஒரு முட்டை வைத்துவிட்டது, நீ வரும்வரை அதை அறுக்கமாட்டேன், ஈரல் உனக்குத்தான்.

சபையில் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம். வெயிலில் தலையை மூடிக்கொள், சம்பளம் வந்தால் முதலில் நல்ல செருப்பாக வாங்கு, நாள் முழுக்க நிற்கிற வேலை. அறையில் யாராவது வாத்தியாரே என்று கூப்பிட்டால் சண்டைக்குப் போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையில் எடுக்கிற வேலையை ஆசீர்வதிப்பாராக, அது எந்த வேலையானாலும் சரி.

ஒன்று மட்டும் மறக்காதே. அங்கே கடைகளில் புதுக் கோட்டு மலிவாகக் கிடைக்கிறதாம், ஃபானிஸ் சொன்னாள். பார்த்ததும் உனக்குக் கை போகும், எனக்குத் தெரியும். வாங்கிவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
பெர்பெட்டுவா நெலிமா